நாலு பேர் வேண்டும்

(பிப்ரவரி முதல் வாரத்தில் நடந்த நமது சங்கக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற வங்கி எழுத்தரான நம் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தருகிறோம். – ஆசிரியர் குழு)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'மத நல்லிணக்கமும் மனிதநேயமும்'. நேரம் இருபது நிமிடம். அடுத்து தண்ணீர்த் தொட்டி விவகாரம் இருக்கிறது. இருபதைத் தாண்டினால் எல்லா மதத்தாரும் ஒன்றுசேர்ந்து என்னை இறக்கிவிடுவீர்கள் என்று தெரியும். அதுவும் ஒருவகை நல்லிணக்கம்தான்.

இந்த வாரத்தில் ஏன் இந்தத் தலைப்பு என்றால், பிப்ரவரி முதல் வாரத்தை உலக சமய நல்லிணக்க வாரம் என்று ஐக்கிய நாடுகள் சபை 2010இல் அறிவித்தது. ஜோர்டான் மன்னர் கொண்டுவந்த யோசனை அது. அதற்கு முந்தைய ஆண்டு, 2009 நவம்பரில், கேரன் ஆம்ஸ்ட்ராங் என்ற அம்மையார் 'கருணை சாசனம்' என்று ஒன்றை வெளியிட்டார். முன்பு கன்னியாஸ்திரியாக இருந்தவர், பிறகு மதங்களின் வரலாற்றை எழுதியவர். எல்லா மதங்களுக்கும் நடுவில் இருப்பது கருணை, தனக்கு வேண்டாததைப் பிறருக்குச் செய்யாதே என்பதுதான் அடிப்படை என்று பல மதத்தாரும் சேர்ந்து எழுதிய சாசனம். அதைப் பார்த்து அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2010இல் தன்னைக் 'கருணை நகரம்' என்று அறிவித்துக்கொண்டது. பிறகு பல நகரங்கள் அதேபோல் செய்தன.

நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் உறுதிமொழி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 20ஆம் தேதியை ஒட்டி, வங்கியில் எல்லோரும் எழுந்து நின்று நல்லிணக்க நாள் உறுதிமொழி எடுப்போம். மேலாளர் ஒரு வரி வாசிப்பார், நாங்கள் திருப்பிச் சொல்வோம். இரண்டு நிமிடம். அதற்குப் பிறகு கேஷ் கவுண்டர் திறக்கும், வரிசை நகரும். உறுதிமொழியில் பிழை ஒன்றும் கிடையாது. அதற்கு அடுத்து செய்ய வேண்டிய வேலை என்ன என்று மட்டும் அந்தத் தாளில் இருக்காது.

வேலையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சென்னையில் ஒரு இடத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

திருவல்லிக்கேணியில் வாலாஜா பெரிய மசூதி இருக்கிறது. 1795இல் ஆற்காடு நவாப் குடும்பத்தார் கட்டியது. ரமலான் மாதம் முழுக்க, சாயங்காலம் அங்கே நோன்பு திறக்க ஆயிரம் பேருக்குமேல் வருவார்கள். அவர்களுக்குச் சாப்பாடு பரிமாறுகிறவர்கள் மயிலாப்பூரிலிருந்து வரும் சூஃபிதார் என்ற அமைப்பின் தொண்டர்கள். பெரும்பாலும் சிந்தி இந்துக்கள். பிரிவினையின்போது சிந்துப் பகுதியில் வீடுவாசலை விட்டுவிட்டு அகதியாக வந்த தாதா ரத்தன்சந்த் என்பவர் தொடங்கிவைத்தது. டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில் அவர்களுடைய கோயில் இருக்கிறது. சுவரில் இந்து மகான்கள், சூஃபி ஞானிகள், சீக்கிய குருமார்கள், இயேசுநாதர் எல்லோர் படமும் மாட்டியிருக்கும். அங்கேயே காலையிலிருந்து சமையல் நடக்கும். சாயங்காலம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், தலையில் தொப்பி அணிந்து, வரிசை வரிசையாகத் தட்டு வைப்பார்கள். கஞ்சி, சாதம், ஊறுகாய், பேரீச்சம்பழம், பால், எல்லாம். சுமார் நாற்பது வருடமாக நடக்கிறது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அந்தச் சாப்பாடு முழுக்க சைவம். சமைப்பவர்கள் தங்கள் பழக்கத்தை விடவில்லை. சாப்பிடுகிறவர்களும் 'நோன்பு திறக்க இதுதானா' என்று கேட்கவில்லை. யாரும் யாரையும் மாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை. பிரிவினையில் எல்லாவற்றையும் இழந்துவிட்டு வந்த ஒரு மனிதர், யாரைக் கோபித்துக்கொள்ளலாமோ அவர்களுக்கே சோறு கொண்டுபோனார். அதை ஒருநாள் விழாவாகச் செய்து போட்டோ எடுத்துக்கொண்டு நிறுத்தாமல், வருடத்துக்கு முப்பது நாள், பாத்திரம் கழுவுகிற வேலையோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

வடலூரும் அப்படித்தான். வள்ளலார் 1867 மே 23ஆம் தேதி தருமசாலையைத் திறந்தார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. ஜீவகாருண்யம் என்ற பெரிய சொல்லை அவர் அடுப்பு, அரிசி, விறகு என்று இறக்கி வைத்துவிட்டார். வருகிறவனிடம் சாதி மதம் கேட்பதில்லை, பசிக்கிறதா என்றுதான் கேள்வி. உலகத்துக்குச் சாசனம் வருவதற்கு 142 வருடம் முன்னால் நம் பக்கத்து அடுப்பு எரிய ஆரம்பித்துவிட்டது என்று சொன்னால், ஊர்ப்பெருமை பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். கணக்குப் பார்க்கிற பழக்கம், அவ்வளவுதான்.

இப்போது நம் பள்ளத்தாக்குக்கு வருவோம். தேனி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று இந்தச் சாலையில் போனால் நல்லிணக்கத்துக்குத் தனியாக வாரம் வேண்டுமா என்று தோன்றும். கார்த்திகை பிறந்தால் மாலை போட்ட ஐயப்பமார் வண்டி வண்டியாகக் குமுளிப் பக்கம் ஏறுகிறார்கள். அவர்கள் எருமேலியில் பேட்டை துள்ளும்போது வாவர் பள்ளிவாசலுக்கும் போய் வணங்குகிறார்கள். உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் 1956இல் தொடங்கிய ஹவுதியா கல்லூரியில் எத்தனையோ இந்து, கிறித்தவக் குடும்பங்களில் முதல் பட்டதாரி உருவானார். தைப்பொங்கலுக்குப் பாலார்பட்டியில் பென்னிகுயிக் பெயரில் பொங்கல் வைக்கிறார்கள். 1895இல் பெரியாறு அணையைக் கட்டி முடித்த வெள்ளைக்காரர் என்ன மதம் என்று பொங்கல் பானைக்குக் கவலை இல்லை. எங்கள் ஊரில் ராவுத்தர் வீட்டாரும் பக்கத்துத் தெருக்காரர்களும் மாமா, மாப்ளே என்று முறை சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

இதெல்லாம் உண்மை. ஆனால் இதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் பாதிதான் சொன்னதாகும்.

2011 டிசம்பர் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். முல்லைப் பெரியாறு பிரச்சினை. குமுளி எல்லையில் வண்டி ஓடவில்லை, 144 தடை உத்தரவு, கூடலூரிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஆயிரக்கணக்கில் விவசாயிகள் ஊர்வலம். அணையைப் பற்றி நம் விவசாயிகளின் பயம் நியாயமானது, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அந்த நாட்களில் இங்கே மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. அங்கே தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் பிள்ளைகுட்டியோடு மலையிறங்கி ஓடிவந்தார்கள். ஐயப்ப பக்தர்கள்கூட அடிபட்டார்கள். கவனித்துப் பாருங்கள், இதில் மதம் வேறு இல்லை. சாமி ஒன்று, மாலை ஒன்று, மொழிதான் வேறு. நாற்பது வருடம் பக்கத்துக் கடையில் டீ குடித்த பழக்கம் ஒரு வாரத்துக்குத் தாங்கவில்லை.

அதேபோல் கோயம்புத்தூர். 1997இலும் 1998இலும் அந்த ஊர் பட்டது எல்லோருக்கும் தெரியும். 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளில் 58 பேர் இறந்தார்கள். 2022 அக்டோபர் 23ஆம் தேதி, தீபாவளிக்கு முதல் நாள், உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்னால் கார் வெடித்தது. பழையபடி ஆகிவிடுமோ என்று ஊரே பயந்தது. சில நாளில் ஜமாத் பெரியவர்கள் அந்தக் கோயிலுக்கே நேரில் போனார்கள். அர்ச்சகர்களைப் பார்த்துப் பேசினார்கள். பெரிய பேச்சு ஒன்றும் இல்லை, போனார்கள், அவ்வளவுதான். முன்பு, 1982இல் கன்னியாகுமரி மாவட்டம் மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறித்தவ மீனவர்களுக்கும் கலவரம் வந்தபோது, குன்றக்குடி அடிகளார் மடத்தில் உட்கார்ந்து அறிக்கை விடவில்லை. அங்கேயே போய் இரண்டு பக்கமும் பேசினார். அவர் நடத்திய திருவருட்பேரவை மேடையில் மூன்று மதத்தாரும் சேர்ந்து உட்கார்வார்கள். கெட்ட வாரம் வந்தபோது வாசல்படி ஏறுவதற்கு ஆள் இருந்ததா என்பதில்தான் இந்த ஊர்களுக்குள் வித்தியாசம்.

கொரோனா காலத்திலும் இரண்டையும் பார்த்தோம். 2020 ஏப்ரலில் சென்னையில் நோய் தொற்றி இறந்த ஒரு நரம்பியல் அறுவை மருத்துவரின் உடலைப் புதைக்கவிடாமல் ஒரு கும்பல் கல்லெறிந்தது. ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு ரத்தக் காயம். கூட வேலை பார்த்த இன்னொரு மருத்துவர் நள்ளிரவில் தானே மண் தள்ளி அடக்கம் செய்தார். அதற்குப் பிறகுதான் அடக்கத்தைத் தடுத்தால் மூன்று ஆண்டு வரை சிறை என்று தமிழக அரசு அவசரச் சட்டம் போட்டது. அதே காலத்தில்தான் தமுமுக போன்ற அமைப்புகளின் இளைஞர்கள், சொந்தக்காரர்களே பக்கத்தில் வரப் பயந்த உடல்களை எடுத்துப்போய், இந்து என்றால் எரித்தும், கிறித்தவர் என்றால் அவர்கள் முறைப்படி புதைத்தும் கொடுத்தார்கள். அவர்களுடைய அரசியல் உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். பாதுகாப்பு உடைக்குள் வேர்த்துக்கொண்டு தூக்கினார்கள் என்பது நடந்த விஷயம்.

சாவைப் பற்றி ஏன் இந்த நல்ல நாளில் பேசுகிறேன் என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. நான் வந்ததே அதற்குத்தான்.

போன ஐப்பசியில் சி பிளாக் மூன்றாவது மாடியில் ஒரு பெரியவர் இறந்துபோனார். இரவு பதினொன்றரை மணி, நல்ல மழை. இஸ்லாமியக் குடும்பம். வீட்டில் மனைவியும் மகளும் மட்டும், மகன் துபாயில். அந்த அம்மாவிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்ததால்தான் இங்கே சொல்கிறேன். அன்று நான் ஊரில் இல்லை. ஆனால் நம் வாட்ஸ்அப் குழுவில் அன்று இரவு வந்த செய்திகளைப் பிறகு உட்கார்ந்து எண்ணினேன். மொத்தம் 46. அதில் 38 ஆழ்ந்த இரங்கலும் கைகூப்பும் படமும். ஐந்து, மகன் வரும்வரை ஃப்ரீசர் பாக்ஸ் வைக்கலாமா என்பது. இரண்டு, சங்க விதிப்படி ஹாலில் உடலை வைக்கலாமா என்ற வாதம். ஒன்று, கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்பது. இதற்கு நடுவில் அந்த மகள் ஒரு கேள்வி கேட்டிருந்தார். குளிப்பாட்டுவதற்குக் கீழே கார் நிறுத்தும் இடத்தில் கொஞ்சம் மறைவாக இடம் கிடைக்குமா என்று. அதற்கு மட்டும் காலை வரைக்கும் பதில் இல்லை.

யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. 38 பேருக்கும் உண்மையிலேயே வருத்தம்தான். ஃப்ரீசர் பாக்ஸ் சொன்னவரும் மகன் முகம் பார்க்க வேண்டுமே என்ற நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அந்த வீட்டில் அடக்கத்தைத் தாமதிக்கக் கூடாது, மறுநாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு மையவாடிக்கு எடுத்துவிட வேண்டும் என்று இருந்தார்கள். ஃப்ரீசர் பாக்ஸ் வேண்டாம் என்று நாலு பேருக்குப் பதில் சொல்வதே அந்தப் பெண்ணுக்கு ஒரு வேலையாகிவிட்டது. மனசு இருந்தது. மனசோடு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

பி பிளாக் அம்மா ஒருவர் இரவு முழுக்க அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தார். ஏ பிளாக்கில் கல்லூரி படிக்கும் தம்பி ஒருவர் மழையில் பைக்கில் போய் ஜமாத்தாருக்குச் சொல்லிவிட்டு வந்தார். காலை ஏழு மணிக்குக் கார்களை நகர்த்தச் சொல்லி, தார்ப்பாய் கட்டி, தண்ணீர்க் குழாயை இழுத்துக் கொடுத்தவர் நம் வாட்ச்மேன். விதிப்படி அவருக்கு அந்த அதிகாரம் இல்லை. லிஃப்டில் படுக்கை வாட்டில் எதுவும் நுழையாது என்பதால், உடலைப் படிவழியாக இறக்கினார்கள். பிறகு சந்தூக்கைத் தூக்கும்போது நம் ஆட்களும் தோள் கொடுத்தார்கள்.

கிராமத்தில் இந்தக் கேள்வியே வராது. யார் வீட்டில் சாவு என்றாலும் யார் பந்தல் போடுவது, யார் சொல்லி அனுப்புவது, யார் தண்ணீர் கொண்டுவருவது என்று முன்பே தீர்மானமாகி இருக்கும். அதை நான் ரொம்பப் புகழவும் மாட்டேன். தப்படிக்கவும் குழி வெட்டவும் ஒரு சாதிக்காரர்தான் வர வேண்டும் என்றும் அதே ஊர்தான் தீர்மானித்து வைத்திருந்தது. அதை விட்டுவிட்டு அடுக்குமாடிக்கு வந்தது நல்லதே. ஆனால் வரும்போது பழைய கட்டாயத்தோடு சேர்த்து ஆளுக்கொரு வேலை என்பதையும் விட்டுவிட்டு வந்துவிட்டோம். 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்பது மட்டும் கூடவே வந்துவிட்டது. தூக்குகிற நாலு பேரைக் காணவில்லை.

அதனால் என் யோசனை இதுதான். ஒவ்வொரு பிளாக்குக்கும் நாலு பேர். எந்த மதமானாலும், சொந்த வீடானாலும் வாடகை வீடானாலும், துக்கம் என்றால் அந்த நாலு பேர் போக வேண்டும். வாடகை என்றதும் ஞாபகம் வருகிறது, 'சைவம் மட்டும்' என்று நாம் எழுதும் வாடகை விளம்பரத்துக்கு என்ன அர்த்தம் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அதை எடுத்தால் இருபது நிமிடம் போதாது, வேறொரு நாள் பேசலாம்.

போனவுடன் முதல் வேலை, வீட்டாரிடம் கேட்பது. நாமாக முடிவெடுக்கக் கூடாது. இந்து என்றால் எரிப்பார்கள் என்று நினைப்போம். நம் பள்ளத்தாக்கிலேயே தெலுங்கு பேசுகிறவர்கள், கன்னடம் பேசுகிறவர்கள், தமிழ் பேசுகிறவர்கள் என்று பல வழக்கம், புதைக்கிறவர்களும் உண்டு. நீர்மாலைக்கு எங்கே போவது, கோடி எப்போது போடுவது என்று அவரவர் சொல்ல வேண்டும். கிறித்தவர்களில் ஆர்.சி. வேறு, சி.எஸ்.ஐ. வேறு, பெந்தெகொஸ்தே வேறு. எந்த ஆலயம், ஃபாதருக்கா பாஸ்டருக்கா யாருக்குச் சொல்வது, பெட்டிக்கு அளவு கொடுப்பது என்று பல வேலை இருக்கும். முஸ்லிம் வீடு என்றால் ஜமாத்துக்குச் சொன்னால் போதும், அவர்கள் வந்துவிடுவார்கள். நாம் செய்ய வேண்டியது இடமும் தண்ணீரும் மறைப்பும்.

வீட்டில் இறந்தால், பார்த்துவந்த மருத்துவரிடம் சான்று வாங்க வேண்டும், 21 நாட்களுக்குள் இறப்பைப் பதிவு செய்ய வேண்டும். அந்த ஃபாரம் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். வங்கிக் கணக்கு, நாமினி விஷயங்களும் சொல்லித்தருவேன். இறந்தவரின் ஏடிஎம் கார்டில் பணம் எடுத்துவிட்டுப் பிறகு தவிக்கிற குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சாப்பாடும் முக்கியம். துக்க வீட்டில் அடுப்பு எரியாது என்பது நம் எல்லா மதத்துக்கும் பொதுவான வழக்கமாக இருக்கிறது. அக்கம்பக்கம்தான் கொண்டுபோக வேண்டும். சைவமா அசைவமா, நம் பாத்திரத்தில் சாப்பிடுவார்களா, இலையில் வேண்டுமா என்று கூச்சப்படாமல் கேட்டுவிட்டுக் கொண்டுபோகலாம்.

ஹால் விஷயத்தில் இரண்டு ஆட்சேபம் வந்தது. ஒன்று, பிள்ளைகள் பயப்படும். அந்தக் காலையில் படிக்கட்டில் நின்று பார்த்த பிள்ளைகள் பயந்ததாக எந்த வீட்டிலும் சொல்லவில்லை. இன்னொன்று தீட்டு. அதை நான் கேலி செய்யமாட்டேன், நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வர வேண்டியதில்லை, தடுக்காமல் இருந்தால் போதும். அன்றே கழுவிவிடலாம், கழுவுகிறவருக்குத் தனியாகக் கூலி கொடுக்கலாம். கல்யாண நிச்சயத்துக்கு வாங்குகிற ஹால் வாடகையைத் துக்கத்துக்கு வாங்கக் கூடாது என்று தீர்மானம் வேண்டும்.

செலவு அதிகமில்லை. இரண்டு பெரிய தார்ப்பாய், ஒரு மடக்கு ஸ்ட்ரெச்சர், படியில் இறக்கப் பெல்ட், நீளமான ஒரு குழாய். நமது 72 வீடுகள், வீட்டுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய் என்றால் 7,200. ஒரே வருடத்தில் எல்லாம் வாங்க முடியாது, முதலில் தார்ப்பாயும் ஸ்ட்ரெச்சரும் வாங்கலாம். ஸ்ட்ரெச்சர் உயிரோடு இருப்பவர்களுக்கும்தான் உதவும். போன மாதம் மூட்டுவலிக்காரர் ஒருவரை நாற்காலியோடு தூக்கி இறக்கியது நினைவிருக்கும்.

செயலாளர் மேஜையில் ஒரு நீளமான நோட்டு வைத்திருக்கிறேன். பிளாக் வாரியாகப் பக்கம் பிரித்தாகிவிட்டது. சி பிளாக்கில் மூன்று பேர் எழுதிவிட்டார்கள், அதில் ஒருவர் அந்தப் பெரியவரின் மனைவி. தூக்க முடியாது, பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியும் என்று எழுதியிருக்கிறார். பி பிளாக்கில் இரண்டு. வாட்ச்மேன் பெயரை முதலில் எழுதலாம் என்று போனேன். 'சார், என்னை எழுதிவிட்டால் அப்புறம் நீங்கள் யாரும் இறங்கி வரமாட்டீர்கள்' என்றார். விட்டுவிட்டேன். ஏ பிளாக் பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி விவாதம் முடிந்து போகும்போது பாருங்கள். பேனாவும் அங்கேயே இருக்கிறது. வங்கிப் பழக்கம், நூலில் கட்டித்தான் வைத்திருக்கிறேன்.